பிடிச்சவனை விடுங்க, ரெண்டாவதா வந்தவனைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வெச்சிருக்கோம்; படிக்க வசதியா சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

கல்லூரி கபடி சீசன் நெருங்குது. இன்பாக்ஸ்ல வர்ற கேள்வி எல்லாம் ஒரே மாதிரி இருக்கு: "இந்த வருஷம் ரைடர் யாரு? போன வருஷப் பையன் இருக்கானா?" ரைடரைப் பத்திக் கேக்கறது தப்பே இல்ல. பாடிப் போறவன் மேலதான் எல்லார் கண்ணும் இருக்கும். ரீல்ஸ்ல வர்றதும் அவன்தான். ஆனா இன்னிக்கு நான் ரைடரைப் பத்திப் பேசப் போறதில்ல. பொன்னேரியில ஒரு கல்லூரி டீமோட பயிற்சியை ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு நாளும் தடுப்பு வரிசையை மட்டும்தான் பார்த்தேன். கார்னர், கவர், அவங்க கையைப் பிடிச்சு நிக்கற ஆட்கள், அவ்வளவுதான்.

எந்தக் கல்லூரி, எந்தப் பையன்னு பேர் சொல்ல மாட்டேன். சீசன் இன்னும் ஆரம்பிக்கல. எதிர் டீம் பி.டி. சார் யாராவது இந்த எபிசோடைக் கேட்டுட்டு இருந்தா, அவருக்கு நான் ஏன் ஓசியில வேலை செய்யணும்?

ஏன் தடுப்பு வரிசை?

அமெரிக்காவுல கல்லூரி ஃபுட்பால் சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு சடங்கு மாதிரி நடக்கும். ஒவ்வொரு டீமோட 'அஃபென்சிவ் லைன்' எப்படி இருக்குன்னு வாரக்கணக்குல அலசுவாங்க. அது நம்ம கால்பந்து இல்ல, ஹெல்மெட் போட்டு மோதிக்கற ஆட்டம். அந்த லைன்ல அஞ்சு பேர். பந்தை வீசற குவார்ட்டர்பேக்கை யாரும் தொடாம பாத்துக்கறதும், பந்தோட ஓடறவனுக்கு வழி திறந்து விடறதும்தான் அவங்க வேலை. பந்தைத் தூக்கிட்டு ஓடி பாயிண்ட் எடுக்கறது அவங்களுக்கு ஆயுசுல எப்பவாவது நடக்கும். ஆனா அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன் அரை நொடி லேட்டா நகர்ந்தா, கோடி ரூபாய் குவார்ட்டர்பேக்கும் தரையில கிடப்பான்.

அங்க 2015-லேர்ந்து ஜோ மூர் விருதுன்னு ஒண்ணு கொடுக்கறாங்க. கல்லூரி ஃபுட்பால்ல சிறந்த அஃபென்சிவ் லைனுக்கான விருது. அதைத் தனி ஒருத்தருக்குக் கொடுக்கறதில்ல, வரிசை மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கறாங்க. இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏன்னா நம்ம கபடியில நாம செய்யறது நேர் எதிர். 'பெஸ்ட் டிஃபெண்டர்'னு ஒருத்தரைக் கூப்பிட்டுக் கப் கொடுத்துட்டு, அவர் கையைப் பிடிச்சு நின்னவரை மறந்துடறோம்.

நம்ம ஆட்டத்துல அந்த லைனுக்கு ரொம்பக் கிட்ட வர்றது தடுப்பு வரிசைதான். பாயிண்ட் எடுக்காத வரிசைன்னு சொல்ல முடியாது, ஒரு பிடிக்கு ஒரு பாயிண்ட் உண்டு. ஆனா குணம் ஒண்ணுதான்: தனியா நின்னா மதிப்பே இல்ல, சேர்ந்து நகர்ந்தாதான் எல்லாம்.

7 பேர் எப்படி நிக்கறாங்க?

புதுசா கேக்கறவங்களுக்காகச் சட்டுனு சொல்லிடறேன். டீம்ல 12 பேர், களத்துல 7 பேர். ரெண்டு ஓரத்துலயும் கார்னர். அதுக்கு அடுத்து உள்பக்கம் 'இன்'. அதுக்கு உள்ள கவர். நடுவுல சென்டர். கார்னரும் கவரும்தான் பிடிக்கறதுக்குன்னே இருக்கறவங்க. 'இன்'லயும் சென்டர்லயும் பெரும்பாலும் ரைடர்கள் நிப்பாங்க.

இப்ப கவனிங்க. கார்னர் யார் கையைப் பிடிச்சிருக்கான்? பக்கத்துல 'இன்'ல நிக்கற ரைடரோட கையை. அதாவது நீங்க ஸ்டார்னு நினைக்கற ரைடரும் பாதி நேரம் தடுப்பு வரிசையில ஒரு கண்ணிதான். அவன் மூச்சு வாங்கிட்டு, அடுத்த ரைடு நினைப்புல நின்னா, கார்னரோட கை கட்டின மாதிரி ஆயிடும்.

ஒரு ரைடுக்கு 30 நொடி. ஆட்டம் 20 நிமிஷமா ரெண்டு பாதி. கணக்குப் போட்டா மொத்தம் சுமார் 80 ரைடு, டீமுக்கு 40. ஒவ்வொரு ரைடரும் சராசரியா 10, 15 தடவை பாடுவான். தடுப்பு வரிசை அந்த 40-க்கும் நிக்கணும், அவுட் ஆகாத வரைக்கும்.

ஒரு நல்ல பிடி எப்படி நடக்குதுன்னு மெதுவா ஓட்டிப் பாருங்க. களத்துல 6 பேர் இல்ல 7 பேர் இருக்காங்க, அதனால போனஸ் உண்டு. ரைடர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டறான். கார்னர் தரையோட தரையாப் பாய்ஞ்சு கணுக்காலைப் பிடிக்கறான். அரங்கம் எழுந்து கத்துது. ஆனா ஆட்டம் இன்னும் முடியல. 75 கிலோ ஆள் நடுக்கோட்டைப் பார்த்து இழுக்கறான், கார்னர் பின்னாடி தொங்கிட்டு வர்றான். அந்த நேரத்துல கவர்ல நிக்கறவன் குறுக்க வந்து வழியை அடைக்கணும். அடைச்சா நமக்கு ஒரு பாயிண்ட். அவன் லேட்டா வந்து, ரைடர் மேல கை மட்டும் பட்டு, ரைடர் விரல் நடுக்கோட்டைத் தொட்டுட்டா ரெண்டு பேரும் அவுட். போனஸும் சேர்ந்தா எதிர் டீமுக்கு 3 பாயிண்ட்.

ஒரே பிடிதான். நமக்கு ஒண்ணு, இல்லன்னா அவங்களுக்கு மூணு. அதைத் தீர்மானிக்கறது முதல்ல பிடிச்சவன் இல்ல, ரெண்டாவதா வந்தவன். தடுப்பு வரிசையை எடை போட எனக்குத் தெரிஞ்ச ஒரே நல்ல அளவுகோல் இதுதான்.

தலைவாஸ் நமக்குச் சொல்லிக் கொடுத்தது

இது என் சொந்தத் தத்துவம் மட்டும் இல்ல. 2022 சீசனை ஞாபகப்படுத்திப் பாருங்க. புரோ கபடி லீக்ல தமிழ் தலைவாஸ் 2017-ல வந்ததுலேர்ந்து நமக்கு வேதனைதான். முதல் நாலு சீசன்ல ஒருதடவை கூட பிளே-ஆஃப் போகல. அஞ்சாவது முயற்சிக்கு பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. அப்போ லீக் வரலாற்றுலயே அதுதான் பெரிய விலை. முதல் மேட்ச்லேயே அவருக்கு முழங்கால்ல அடி. சீசனே போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டோம்.

ஆனா அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல்முறையா செமிஃபைனல் போனாங்க. எலிமினேட்டர்ல உ.பி. யோத்தாஸைச் சமன் பண்ணி, டை-பிரேக்கர்ல ஜெயிச்சு, செமிஃபைனல்ல புனேரி பல்டனிடம் 37-39-னு ரெண்டே பாயிண்ட்ல தோத்தாங்க. நரேந்தர்னு ஒரு புது ரைடர் கிளம்பினது ஒரு காரணம், மறுக்கல. இன்னொரு காரணம் பின்னாடி நின்ன சுவர்: கார்னர்ல சாகர் ராத்தி, சாஹில் குலியா, கவர்ல மோஹித், அபிஷேக். இளசுங்கதான், ஆனா முந்தின சீசன்லயும் ஒண்ணா இருந்தவங்க. ஒருத்தன் தோள் எந்தப் பக்கம் சாயுதுன்னு அடுத்தவனுக்குத் தெரியும். பெரிய ரைடர் இல்லாமப் போனதைத் தாங்கிப் பிடிச்சது அந்தப் பழக்கம்தான்.

இன்னும் பெரிய உதாரணம் வேணுமா? 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி. இந்தியா அதுவரைக்கும் ஆண்கள் கபடியில தங்கத்தை விட்டதே இல்ல. அந்த டீம்ல அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், ராகுல் சவுத்ரி எல்லாரும் இருந்தாங்க. செமிஃபைனல்ல ஈரான் 27-18-னு ஜெயிச்சுது. அவ்வளவு பெரிய ரைடர்கள் இருந்தும் இந்தியாவால 20 பாயிண்ட்டைத் தொட முடியல.

நம்ம ஊர்லயே ஒரு ஆள் இருக்கார். தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், ரைட் கார்னர். 2016-ல பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கினப்ப கேப்டன் அவர்தான். அப்போ 40 வயசைத் தாண்டியாச்சு. 40 வயசுல வேகம் இருக்குமா? இருக்காது. எப்பப் பாயணும், எப்பப் பாயக் கூடாதுங்கறது இருக்கும்.

இப்ப பொன்னேரிக்கு வருவோம்

முதல் கேள்வி: யார் போனாங்க, யார் இருக்காங்க? போன வருஷ லெஃப்ட் கார்னர் டிகிரி முடிச்சுட்டுப் போயிட்டான். ரைட் கார்னர் இப்ப கடைசி வருஷம். லெஃப்ட் கவரும் கடைசி வருஷம். ரைட் கவர் ரெண்டாம் வருஷம். ஆக நாலுல மூணு பழைய ஆள். கல்லூரி டீமுக்கு இது நல்ல நிலைமை. மூணு வருஷத்துக்கு ஒருதடவை முழுசா ஆள் மாறிடற இடம் அது.

காலியான இடத்துக்கு ஒரு முதல் வருஷப் பையன் வந்திருக்கான். பழவேற்காடு பக்கம். மணல்ல ஆடி வளர்ந்த கால். கணுக்கால் பிடி பாம்பு கொத்தற மாதிரி. முதல் நாள் அவன் பிடிச்சதைப் பார்த்துட்டு சுத்தி நின்ன பசங்க விசில் அடிச்சாங்க. நான் நோட்டுல வேற ஒண்ணு எழுதினேன்: 'தனியாப் போறான்.'

கை பிடிச்சிருக்கறவன்கிட்ட ஒரு சைகையும் கொடுக்காம விட்டுட்டுப் பாயறான். ஸ்கூல் லெவல்ல இது போதும், ஏன்னா அங்க ரைடருக்கும் உடம்பு இருக்காது. சீனியர் ஆண்கள்ல எடை வரம்பே 85 கிலோ. அந்த எடைக்குக் கிட்ட வர்ற ஒரு ரைடரைத் தனியா ஒருத்தன் கணுக்காலோட நிறுத்த முடியாது.

அதனால பயிற்சியில ஒரு யோசனை ஓடிட்டு இருக்கு: லெஃப்ட் கவரை கார்னருக்கு நகர்த்திடலாம், புதுப் பையனைக் கவர்ல வெச்சுப் பாதுகாக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் இதுக்கு எதிர். காரணம் எளிமையான கணக்கு. இப்ப இடது ஓரம் மட்டும்தான் புதுசு. கவரை நகர்த்தினா கார்னர் இடம் புதுசு, கவர் இடமும் புதுசு. லெஃப்ட் கவரும் ரைட் கவரும் போன வருஷம் முழுக்க நடுவுல சேர்ந்து மூடிப் பழகினவங்க. அந்த ஜோடியும் உடைஞ்சுடும். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் ரெண்டு ஓட்டை ஆயிடும்.

புதுப் பையன் கார்னர்லயே நிக்கட்டும். பழைய கவர் அவனுக்கு ரெண்டாவது ஆளா வரட்டும். பாயறதுக்கு முன்னாடி கையை ஒரு அழுத்து அழுத்தணும், அந்த ஒரே பழக்கத்தை முதல் மூணு வாரம் சொல்லிக் கொடுத்தா போதும். ரெண்டாம் நாள் சாயங்காலம் கடைசியா ஒருதடவை அழுத்தினான். கவர் சரியான நேரத்துக்கு வந்தான். ரைடர் நகரவே முடியல. அந்தப் பிடிக்கு யாரும் விசில் அடிக்கல. எனக்கு அந்த ரெண்டு நாள்ல பிடிச்ச ஒரே பிடி அதுதான்.

ரெண்டாவது கேள்வி: மண்ணா, மேட்டா? இவங்க பயிற்சி பண்றது மண் தரையில. பெரிய போட்டி மேட்ல. வித்தியாசம் சும்மா இல்ல. மண்ணுல கால் கொஞ்சம் வழுக்கும், அது முழங்காலைக் காப்பாத்தும். மேட்ல ஷூ அப்படியே பிடிச்சுக்கும். பாதம் நிக்கும், உடம்பு திரும்பும், நடுவுல மாட்டறது முழங்கால் தசைநார். வாரத்துல ஒரு நாளாவது மேட் இருக்கற இடத்துக்குப் போய் ஆடிட்டு வரணும். இங்கேர்ந்து சென்னைக்குப் புறநகர் ரயில் இருக்கு. ரயில் டிக்கெட் செலவு ஆபரேஷன் செலவை விடக் கம்மி.

மூணாவது கேள்வி: குரல் இருக்கா? ரைடர் 'கபடி கபடி'ன்னு பாடறது எல்லாருக்கும் கேக்கும். நல்ல வரிசையில தடுக்கறவங்களும் பேசிட்டே இருப்பாங்க. "இரு... இரு... விடு." மூணாவது ரைடு 'டூ ஆர் டை'யா இருந்தா, ரைடர்தான் பாயிண்ட் எடுத்தாகணும், நமக்கு அவசரம் இல்ல. அதை ஞாபகப்படுத்த ஒரு வாய் வேணும். இந்த டீம்ல அந்த வாய் லெஃப்ட் கவர். அவன் அவுட் ஆகி வெளிய போனதும் மொத்த வரிசையும் ஊமை ஆயிடுது. இது எனக்குக் கவலை. ரைட் கவர் ரெண்டாம் வருஷம்தான், கூச்சப்படறான். சீனியரைப் பார்த்து "இரு"ன்னு சொல்லத் தயங்கறான். களத்துல அண்ணன் தம்பி மரியாதையை 40 நிமிஷத்துக்கு ஓரமா வெச்சுடணும்.

நாலாவது கேள்வி: பெஞ்சுல யாரு? இங்கதான் டீம் ரொம்ப பலவீனம். வெளிய உட்கார்ந்திருக்கற அஞ்சு பேர்ல பெரும்பாலும் ரைடர் ஆகணும்னு வந்தவங்க. கார்னர்ல ஒருத்தனுக்கு அடிபட்டா அந்த இடத்துல நிக்க ஆளே இல்ல.

ரைட் கார்னர் பையன்

இவனைப் பத்தித் தனியா சொல்லணும். இந்த வரிசையில ரொம்ப நல்ல ஆட்டக்காரன் இவன்தான். அவசரமே கிடையாது. ரைடரோட இடுப்பைப் பார்த்து நிக்கறான், காலைப் பார்க்கறதில்ல. பாய்ஞ்சா பிடி.

ஆனா ரெண்டு நாளும் ஒரே விஷயம் நடந்தது. பயிற்சியோட கடைசி கால் மணி நேரத்துல அவன் அரை அடி பின்னாடி நிக்க ஆரம்பிச்சான். விசாரிச்சேன். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில கான்ட்ராக்ட்ல நைட் ஷிஃப்ட் போறான். காலையில ரயில் பிடிச்சு, கவரைப்பேட்டை தாண்டி, பொன்னேரியில இறங்கி, நேரா வகுப்பு. சாயங்காலம் கபடி. நடுவுல தூக்கம் எப்பன்னு கேட்டா சிரிக்கறான். ரயில்லன்னு சொல்றான்.

நம்ம வட்டாரத்துல இது புதுசே இல்ல. சிப்காட் ஷிஃப்ட்டும் காலேஜ் டைம் டேபிளும் ஒரே பையன் உடம்புல ஓடும். ஆனா இந்த சீசன்ல அவனுக்கு என்ன இருக்குன்னு பாருங்க. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. அதுக்கு எந்த லெவல்ல ஆடினோம், என்ன சான்றிதழ் இருக்குங்கறதுதான் கணக்கு. அவன் பாதை நீளம்: கல்லூரி டீம்ல கண்ணுல படணும், பல்கலைக்கழக டீம்ல இடம் பிடிக்கணும், அங்கேர்ந்து தென் மண்டலம், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. முதலமைச்சர் கோப்பையில கல்லூரிப் பிரிவும் இருக்கு. கடைசி வருஷம்கறதால கல்லூரி வழியா இதுல ஏற அவனுக்கு இன்னும் ஒரே சீசன்தான்.

இங்கதான் அந்த 'ரெண்டாவது ஆள்' விஷயம் ஆட்டத்தை விடப் பெருசாகுது. தேர்வு பண்ண வர்றவங்க ஸ்கோர் ஷீட்டைப் பார்ப்பாங்க. கார்னர் பிடிச்சு, கவர் லேட்டா வந்து, ரைடர் தப்பிச்சா, அந்தத் தாள்ல கார்னருக்குத் 'தோல்வி'ன்னுதான் விழும். 20 தடவை பாய்ஞ்சு 8 பிடின்னு இருந்தா சுமாரான ஆள் மாதிரி தெரியும். ஆனா தோத்த 12-ல எத்தனை தடவை ரெண்டாவது ஆள் வரவே இல்லங்கறது எந்தத் தாள்லயும் இருக்காது. ரைட் கவர்ல நிக்கற அந்தக் கூச்சப்படற ரெண்டாம் வருஷப் பையனோட அரை நொடி, இவனோட வேலைக்கான சான்றிதழையே தள்ளிடலாம். அவனுக்கு அது தெரியுமான்னு தெரியல. யாராவது உட்கார வெச்சு சொல்லணும்.

என் கணிப்பு

வலது பக்கத்துக்கு 10-க்கு 7. ரைட் கார்னருக்குப் போட்டி நாட்கள்ல மட்டுமாவது தூக்கம் கிடைச்சா 8. இடது பக்கத்துக்கு இப்போதைக்கு 5, ஆளை மாத்தாம விட்டா சீசன் நடுவுல 7 ஆகும். குரலுக்கு 6. பெஞ்சுக்கு 3, அதுவும் தாராளமாத்தான் போடறேன்.

மொத்தத்துல, நாக்-அவுட் வரைக்கும் போகற வரிசை இது. அங்கேர்ந்து மேல போறது ரெண்டு விஷயத்துல இருக்கு. புதுப் பையன் கையை அழுத்தப் பழகறானா? லெஃப்ட் கவர் வெளிய இருக்கறப்ப வேற யாராவது வாயைத் திறக்கறாங்களா? ரெண்டுக்கும் காசு வேணாம், ஜிம் வேணாம். மூணு வாரம் போதும். ஒரு வேலை மட்டும் உடனே ஆகணும்: பெஞ்சுல இருக்கற ரைடர் கனவுக்காரங்கள்ல ரெண்டு பேரைப் பிடிச்சு, இன்னிலேர்ந்து கார்னர்ல நிக்க வைக்கணும். கோவிச்சுப்பாங்க. பரவாயில்ல, பின்னாடி நன்றி சொல்லுவாங்க.

நீங்க மேட்ச் பார்க்கப் போனா ஒரு சின்னப் பயிற்சி செஞ்சு பாருங்க. ஒரு பாதி முழுக்க, 20 நிமிஷம், ரைடரைப் பார்க்காதீங்க. யாராவது பாய்ஞ்சதும் கண்ணை உடனே பக்கத்து ஆள் மேல வைங்க. அவன் எப்ப நகர்றான்னு மட்டும் கவனிங்க. பாதி முடியறதுக்குள்ள எந்த டீம் ஜெயிக்கும்னு ஸ்கோர் போர்டைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிடுவீங்க. சொன்னது சரியா வந்தா எங்களுக்கு எழுதுங்க. உங்க காலேஜ் டீமோட வரிசையைப் பத்தியும் எழுதுங்க: யார் முதல்ல பிடிக்கறா, யார் ரெண்டாவதா வர்றா. அடுத்த எபிசோடுல அந்த ரெண்டாவது ஆட்களைப் பத்தி மட்டும் பேசலாம்.